உயிரா ஆன்மாவா: ஜான் டேவிஸ் பாட்ட தமிழ்ல கொண்டு வர முயற்சி, மூணாவது மாசம்

போன தடவ நின்ன இடத்துலேர்ந்து சொல்றேன். இங்கிலீஷ் கவிஞர் ஜான் டேவிஸ் 1599ல எழுதின 'நோஸ்கே டேய்ப்ஸும்' (உன்னையே அறி), ஆன்மா அழியாதுன்னு நாலு நாலு அடியா வாதம் பண்ற நீளப் பாட்டு, தினம் ராத்திரி ஒரு நாலடின்னு நோட்டுல தமிழ்ப்படுத்திட்டு வர்றேன். பழைய அச்சோட ஸ்கேன்லதான் படிக்கிறேன், அதுல நீட்டு எஸ் அப்படியே எஃப் மாதிரி இருக்கும், முதல் வாரம் 'சோல்' (soul, ஆன்மான்னோ உயிர்னோ சொல்லலாம்) வர்ற இடத்துல எல்லாம் 'ஃபவுல்'னு படிச்சு ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தேன், இப்ப கண்ணு பழகிடுச்சு.

இந்த மாசம் கிடைச்சதுல ரொம்பப் பிடிச்சது சிலந்தி. தொடுவுணர்ச்சி உடம்பு பூரா பரவியிருக்குன்னு சொல்ல வர்றாரு, அதுக்கு வல நடுவுல உக்காந்திருக்கிற சிலந்தியக் காட்டுறாரு. பதினோரு தடவ அடிச்சு எழுதி இப்ப இப்படி நிக்குது:

விரிந்த வலையின் நடுவில் சிலந்தி
ஓர இழையை ஒன்று தொட்டாலும்
எந்தப் பக்கம் ஆனாலும் அக்கணமே
இருந்த இடத்தில் அறிந்து கொள்ளும்.

மூலத்துல இருந்த பத்து அசை கணக்கும் ஒண்ணுவிட்டு ஒண்ணு இயைபும் போயிடுச்சு, ஆனா அந்த இழை அதிர்றது வந்திருக்குன்னு நெனைக்கிறேன்.

பெரிய சிக்கல் வேற எடத்துல. டேவிஸோட 'சோல்'க்கு 'ஆன்மா'ன்னே போட்டுட்டு வந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ரிச்சர்ட் ஓவர்டன் எழுதின 'மனுஷனோட சாவு' பத்தின சின்னப் புத்தகத்த எடுத்தேன், 1643ன்னு போட்டு, பேருக்கு ரெண்டே எழுத்த வச்சு வந்தது. உடம்போட 'சோல்'லும் சேர்ந்துதான் சாகும், உலகத்தோட கடைசி நாள்ல ரெண்டும் சேர்ந்து எழும்னு சொல்றாரு. அவரு கடவுள் இல்லைன்னு சொன்னவரு இல்ல, பைபிள வச்சேதான் வாதாடுறாரு, அப்படியும் 1644 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்டு எழுதினவன் யாருன்னு தேடச் சொல்லுச்சு. அந்தக் காலத்து டாக்டரும் எழுத்தாளருமான தாமஸ் பிரவுன் கூட சின்ன வயசுல தானும் அப்படி நம்பினதா 'ரெலிஜியோ மெடிசி'ங்கிற தன்னோட புத்தகத்துல ஒத்துக்கிறாரு. சரி, ஓவர்டன் சொல்றதுக்குத் தமிழ்ல 'உயிர்'தான் தானா வந்து உக்காருது, 'உயிர் போயிடுச்சு'ன்னு நாம சொல்றதுதானே.

ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் திக்குனு ஆச்சு. ஒருத்தர் ஆன்மா சாகாதுங்கிறாரு, இன்னொருத்தர் உயிர் சாகும்ங்கிறாரு, சண்டையே இல்லாமப் போச்சே! இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும் 'சோல்'ங்கிற ஒரே சொல்லு, அந்த ஒத்தச் சொல்லுக்காகத்தான் ஆளையே தேடினாங்க.

அதனால டேவிஸ மொதல்லேர்ந்து மாத்துறேன், எல்லா எடத்துலயும் 'உயிர்'. மரத்துக்கும் மிருகத்துக்கும் 'சோல்'லோட சக்தி உண்டுன்னு அவரு சொல்ற பகுதிக்கு இதுதான் பொருந்துது, மரத்துக்கு ஆன்மான்னு எழுதினப்பவே கை தயங்குச்சு. 'உயிர் சாகாது'ன்னு எழுதினா மட்டும் காதுல முரணா விழுது. ஆனா ஓவர்டனும் அதத்தானே கேட்டாரு, எப்படிய்யா சாகாம இருக்கும்னு. அந்த முரண அப்படியே விட்டுட்டேன். இதுவரைக்கும் நாப்பத்தியாறு நாலடி திருத்தியாச்சு, சிலந்திக்கு மட்டும் கை வைக்கல.