12 வோல்ட் பேட்டரியில் போன் சார்ஜர்: இதுவரை ஆன வேலை

யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்று கையில் இருக்கிறது. கரன்ட் இல்லாத நேரத்தில் அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

போனுக்கு வேண்டியது 5 வோல்ட். 12-ஐ 5 ஆக இறக்க 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி போட்டால் வேலை சுலபம். ஆனால் மிச்சமாகும் 7 வோல்ட்டை அது சூடாக்கித்தான் தீர்க்கும். 1 ஆம்பியர் இழுத்தால் போனுக்கு 5 வாட், சூட்டுக்கு 7 வாட்! பேட்டரிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவ்வளவு சூடாகாமல் வோல்ட்டேஜை இறக்கித்தரும் எல்எம்2596 பக் மாட்யூல் வாங்கினேன், 3 ஆம்பியர் வரை தரும் வகை.

போனை மாட்டுவதற்கு முன்பே வோல்ட்டேஜை வைத்துவிட வேண்டும். மாட்யூலில் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் நீல ட்ரிம்பாட்டின் பித்தளைத் திருகை இடப்பக்கம் சுற்றச் சுற்ற, மீட்டர் முதலில் அசையவே இல்லை. அது பல சுற்றுத் திருகு, பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இடத்தில் கடகடவென்று இறங்கியது. 5.1-இல் நிறுத்தினேன்.

3 ஆம்பியர் மாட்யூலில் 1 ஆம்பியர் போனை மாட்டினால் எரிந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். எரியாது. வோல்ட்டேஜ் நாம் கொடுப்பது, சரியாக இருந்தே தீர வேண்டும். ஆம்பியர் போன் தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்வது. நம்மிடம் கூடுதலாக இருந்தால் நல்லதுதான். குறைவாக இருந்தால்தான் தொல்லை: வோல்ட்டேஜ் படுத்துவிடும், சர்க்யூட் சூடாகும்.

அடுத்து லோடு டெஸ்ட், அதாவது போனுக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று பார்ப்பது. 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டினால் 1 ஆம்பியர் ஓடும். மாட்யூல் முனையில் 5.1 அப்படியே நின்றது. ஒரு மீட்டர் மெல்லிய கேபிளின் மறுமுனையிலோ 4.7 தான். 28 கேஜ் கம்பி போகவர 0.4 ஓமுக்கு மேல் வரும், 0.4 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. 5 வோல்ட்டுக்கு இது குறைவுதான். வோல்ட்டேஜை ஏற்றி ஈடுகட்டுவதைவிடத் தடித்த, குட்டையான கேபிள் போடுவதே சரி என்பேன்.

அப்புறம் போனை மாட்டினேன். அரை ஆம்பியருக்கு மேல் எடுக்க மறுத்தது. காரணம் நடுவில் உள்ள இரண்டு டேட்டா பின்கள். அவை சும்மா இருந்தால் போன் இதைச் சார்ஜர் என்றே நம்பாது. யூஎஸ்பி சாக்கெட்டில் அந்த இரண்டு பின்களையும் (டி பிளஸ், டி மைனஸ்) ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்தேன். உடனே 1 ஆம்பியரைத் தாண்டியது. எல்லாப் போனும் இதற்கு இணங்காது. சில கம்பெனிகள் அந்தப் பின்களில் குறிப்பிட்ட வோல்ட்டேஜை எதிர்பார்க்கும்.

பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில், பேட்டரியை ஒட்டியே 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டாயிற்று. இதைத் தவிர்க்கவே கூடாது, ஷார்ட் ஆனால் அந்தச் சின்னப் பேட்டரியே கம்பியை உருக்கிவிடும்.

இனி, பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் தானாக நிற்கும் கட்-ஆஃப் சேர்க்க வேண்டும்.