ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நமக்கெல்லாம் மார்ட்டின் லூதர் கிங், அப்புறம் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ். வேலை முடிந்து களைத்துப்போய் வந்த ஒரு அம்மா கால் வலியில் உட்கார்ந்துவிட்டார், அங்கிருந்து எல்லாம் பற்றிக்கொண்டது என்று கதை சொல்வார்கள். எனக்கு இந்தக் கதைமேல் ரொம்ப நாளாகவே கடுப்பு. அவர் அப்போதே பல வருடமாக உள்ளூர் உரிமைச் சங்கத்தில் செயலாளராக வேலை பார்த்தவர், சட்டம் தெரிந்தவர். கால் வலியெல்லாம் இல்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அவர் இருந்த அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகர பஸ்ஸில் முன்பக்கம் பத்து சீட் வெள்ளையர்களுக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும், போவதற்குள் சில டிரைவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள், போட்ட காசு போனதுதான். (நாம் அரூர் டவுன் பஸ்ஸில் இரண்டு ரூபாய் சில்லறைக்கே ஸ்டாண்ட் வரும்வரை கண்டக்டரோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள்.) 1943-ல் இந்தப் பின்வாசல் தகராறில் ரோசா பார்க்ஸை இறக்கிவிட்டவர் ஜேம்ஸ் பிளேக் என்ற டிரைவர். 1955 டிசம்பர் 1 அன்று போலீஸைக் கூப்பிட்டதும் அதே ஆள்.

ஆனால் அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளிக்கூடப் பெண் அதே ஊரில் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர்கள் இழுத்துப்போட்டு விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அவளை முன்னிறுத்திப் போராடலாமா என்று கறுப்பினத் தலைவர்கள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். வயசு பத்தாது, வாய்த்துடுக்கு, ஏழை வீடு, பிறகு கர்ப்பம் வேறு. மேல்முறையீட்டில் நீதிபதி இன்னொரு வேலை செய்தார். நிறம் பார்த்துத் தனித்தனியாக உட்காரவைக்கிற பிரிவினைச் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டு, போலீஸைத் தாக்கியதாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார். சட்டத்தையே எதிர்த்து வாதாடப் பிடி இல்லாமல் போனது. கெட்டிக்காரத்தனம்தான்.

ரோசா பார்க்ஸ் கைதானதும் கறுப்பர்கள் பஸ் ஏற மாட்டோம் என்று டிசம்பர் 5-ல் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள், கம்பெனி ஆட்டம் கண்டது. கார் வைத்திருந்தவர்கள் ஆள் ஏற்றிப் போனார்கள், பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுத்து, கேக் சுட்டு, அழகு நிலையங்களிலும் கடைகளிலும் விற்று வாராவாரம் கூட்டத்தில் பணம் கொடுத்தார். யார் யார் கொடுத்தது என்று பெயர் சொல்ல மாட்டார். சொன்னால் வெள்ளைக்கார முதலாளி மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். மார்ட்டின் லூதர் கிங் மேல் போட்ட வழக்கில் அவர் தரப்பில் சாட்சி சொன்ன பிறகு ஜார்ஜியா கில்மோரின் வேலையே போனது.

நடந்தது இவ்வளவு இருந்தும் சட்டத்தை உடைத்தது புறக்கணிப்பு மட்டும் இல்லை. 25 வயது வக்கீல் ஃபிரெட் கிரே 1956 பிப்ரவரியில் பஸ் பிரிவினைச் சட்டத்தை எதிர்த்துத் தனியாக ஒரு வழக்குப் போட்டார். அதில் ரோசா பார்க்ஸ் பெயர் கிடையாது. ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதே கிளாடெட் கால்வின். ஐந்தாவதாக இருந்த ஒரு பெண் மிரட்டலில் விலகிவிட்டார். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நாலு பெண்கள் பக்கம் நின்றது. கால்வின் மேல் இருந்த பழைய குற்றப் பதிவை அழித்தது 2021-ல், அவருக்கு 82 வயதில்.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் அரூர் பக்கத்து வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்குமா? 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து அந்த மலைவாழ் கிராமத்தைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அப்புறம் அந்த ஊர்ப் பெண்களையே குற்றவாளி ஆக்கிக் குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்தவர்கள்தான் வழக்கை இழுத்துக்கொண்டு போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எங்கள் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் காலம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சந்தனக்கட்டை, வீரப்பன், அதிரடிப்படை என்று ஒரு மணி நேரம் ஓடும். பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்த பெண்களைப் பற்றி இரண்டு வரி தேறாது.