பதினான்கு நாள்

ஜனவரி 19, 2025

பொங்கல் கரும்பெல்லாம் சக்கையாகிக் குப்பைக்குப் போய்விட்டது. சர்க்கரை ஆலைக்குப் பதிந்த என் கரும்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பன்னிரண்டு மாதம் முடிந்து பூவும் விட்டாயிற்று. ஆலை தர வேண்டிய வெட்டு உத்தரவு வரவில்லை. ஆலையின் கோட்ட அலுவலகத்தில் கேட்டால், "பதிவு வரிசைப்படிதான் ஐயா" என்கிறார்கள். எனக்குப் பின்னால் பதிந்தவர் வயலில் கட்டை துளிர்த்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. வரிசை எங்கே வளைகிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம். எங்கள் பகுதி இந்த ஆலைக்கென்று ஒதுக்கப்பட்டது. பக்கத்து ஆலைக்கு ஏற்றிப் போகவும் வழியில்லை.

பிப்ரவரி 6

முதல் லோடு. வழியில் தனியார் எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கினேன். வண்டி எடை போக 18 டன் 640 கிலோ.

ஆலை வாசலில் எங்களுக்கு முன் நாற்பது வண்டி. ஒரு பகலும் ஓர் இரவும் போயின. ஓட்டுநர் வண்டிக்கடியில் சாக்கு விரித்துத் தூங்கினார். நான் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுவாய் காலையில் வெள்ளையாக இருந்தது, மாலைக்குள் பழுப்பேறிவிட்டது. மேடை ஏறியபோது 18 டன் 290. அதிலும் கழிவு என்று 180 கிலோ பிடித்தார்கள்.

என் பக்கத் தப்பையும் எழுத வேண்டும். வெட்டு ஆட்கள் அவசரத்தில் கொழுந்தாடையைச் சரியாகக் கழிக்கவில்லை. சோகையும், அதாவது காய்ந்த இலையும், கொஞ்சம் கிடந்தது. கழிவு பிடிக்கட்டும். ஆனால் குறைந்த 350 கிலோ, வெயிலில் காய்ந்ததோ மேடை தின்றதோ, என் தலையில் விழுவது எந்த ஊர் நியாயம்? எடை காட்டும் திரை குமாஸ்தா பக்கம் திரும்பியிருந்தது. எட்டிப் பார்த்தேன், "கீழே நில்லுங்கள்" என்றார்.

பிப்ரவரி 8

மூன்று லோடும் போய்ச் சேர்ந்தன. கழிவு போக 52 டன். இந்தப் பருவத்துக்கு மத்திய அரசின் விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய், அதாவது டன்னுக்கு 3,400, பிழிதிறன் (கரும்பு எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) 10.25 சதவீதம் இருந்தால். 9.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் டன்னுக்கு 3,151. எங்கள் ஆலை அந்தக் கடைசிப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறது. என் கரும்பைத் தனியாகப் பிழிந்து யாரும் பார்ப்பதில்லை. ஆலை முழுமைக்கும் ஒரே சராசரி. யந்திரம் பழுதாகி வாசலில் கரும்பு காய்ந்த நாட்களும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். அவர்கள் யந்திரத்தின் நோய்க்கு என் கரும்பு மருந்து குடிக்கிறது.

1,63,852 ரூபாய் வர வேண்டும், வெட்டுக்கூலி முன்பணம் கழியும் முன்.

பிப்ரவரி 23

நேற்றோடு பதினான்கு நாள். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. என் தொகைக்கு நாளொன்றுக்கு 67 ரூபாய் ஆகிறது. இவ்வளவு தெளிவான சட்டம் எங்களுக்கு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் கேட்பதில்லை. அடுத்த வெட்டு உத்தரவும் அதே கையில்தானே.

மார்ச் 15

தமிழக அரசின் வேளாண் பட்ஜெட். டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகையாம். 3,151-உடன் சேர்த்தால் சரியாக 3,500. டீக்கடையில் ஒருவர், "2021 தேர்தலில் 4,000 என்றார்களே" என்றார். கடைக்காரர் பாக்கி நோட்டை எடுத்து வைத்தார். பேச்சு அதோடு நின்றது.

மார்ச் 27

பணம் ஏறிவிட்டது. கூலி, வாகன முன்பணம் எல்லாம் பைசா சுத்தமாகக் கழித்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று நாள் தாமத வட்டி 2,222 ரூபாய் மட்டும் இல்லை. அடகுக் கடையில் என் மனைவியின் வளையலுக்கு இதே நாட்களுக்கு வட்டி கட்டித்தான் மீட்டேன். அங்கே ஒரு நாள்கூட விடவில்லை.

மார்ச் 30

ஆலையின் கரும்பு உதவியாளர் மறுதாம்புப் பதிவுக்கு, வெட்டிய கட்டையில் துளிர்க்கும் அடுத்த பயிரைப் பதிய, வந்தார். நல்ல பையன். வட்டியைப் பற்றிக் கேட்டேன். "எழுதிக் கொடுங்கள் ஐயா, மேலே அனுப்புகிறேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பதிவு முடிந்த பிறகு கொடுங்கள்" என்றார்.

பதிவில் கையெழுத்துப் போட்டேன். மனுவை இன்று இரவு எழுத வேண்டும்.