துணைக்கு ஒருவர்

நியூயார்க்கில் ஒரு கிளினிக்கில் மாதம் இரண்டு சனிக்கிழமைகள் டூலாவாக, அதாவது பிரசவம் போன்ற நேரங்களில் பெண்ணுக்குத் துணையாக உடனிருப்பவராக, பணியாற்றுகிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் பிரசவத்தை நினைத்துக்கொண்டு "புண்ணியமான காரியம்" என்கிறார்கள். நான் உடனிருப்பது கருக்கலைப்புக்கு வருகிறவர்களோடு என்று விளக்கியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவர்களிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

டூலா மருந்து கொடுப்பதில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. கருவைக் கலைக்கலாமா வேண்டாமா என்று ஆலோசனை சொல்வதும் இல்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் சீட்டு எழுதும்போதே "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்களே, அந்தக் 'கூட' என்ற சொல்லுக்குள் எங்கள் வேலை முழுவதும் அடங்கிவிடும். இங்கே பல கிளினிக்குகளில் கணவரையோ தாயையோ தோழியையோ சிகிச்சை அறைக்குள் விடுவதில்லை. அவர்கள் வெளியே காத்திருக்க, பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளே போகிறார்.

முதல் மூன்று மாதங்களுக்குள் உறிஞ்சு முறையில் செய்யப்படும் கருக்கலைப்புக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள்தான் ஆகும். அந்த நேரம் முழுவதும் நான் தலைமாட்டில், என் முகம் அவருக்குத் தெரியும்படி நிற்பேன். கருப்பை வாயில் மரப்பு ஊசி போடும் நொடியில் மருத்துவர் இருமச் சொல்வார். அப்படிச் சொல்லப்போகிறார் என்பது முன்பே தெரிந்திருந்தால் திடுக்கிடாமல் இருக்கலாம் என்பதால், அதை நான் முதலிலேயே சொல்லிவைப்பேன். அடிவயிற்றை முறுக்கும்போது உடல் தானாக இறுகிக்கொள்ளும். அப்போது கால் விரல்களை அசைக்கச் சொல்வேன். விரல்களை அசைத்துக்கொண்டே தொடைகளை இறுக்கிவைத்திருப்பது எளிதல்ல. பம்பின் இரைச்சல் தொடங்கினால் அது கருவியின் சத்தம்தான் என்றும், சில நிமிடங்களில் நின்றுவிடும் என்றும் காதருகே சொல்வேன்.

ஒருவர் மறுநாள் தன் மகளின் வகுப்புக்குச் செய்து அனுப்ப வேண்டிய கேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் வலி அதிகமாகி, கண்களை மூடி, என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் அழுந்தித் தடம் விட்டது. வலி தணிந்ததும், "எங்கே நிறுத்தினேன்?" என்று கேட்டார். "முட்டை வாங்க மறந்த இடத்தில்" என்றேன். கதையைத் தொடர்ந்தார்.

பயிற்சியில் நான் மிகுந்த சிரமப்பட்டு விட்ட பழக்கம், "அழாதீங்க" என்று சொல்வது. நிம்மதியில் அழுபவர்கள் உண்டு. துக்கத்தில் அழுபவர்களும், இரண்டும் கலந்து அழுபவர்களும் உண்டு. அழாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களும் உண்டு. அவர் என்ன உணர வேண்டும் என்பதை நான் முடிவுசெய்துகொண்டு உள்ளே போனால், அவருக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

'டூலா' என்ற கிரேக்கச் சொல்லைத் தாய்க்குத் துணை நிற்பவர் என்ற பொருளில் 1970களில் எழுத்தில் கொண்டுவந்தவர் டானா ரஃபேல் என்ற மானிடவியலாளர். பழைய கிரேக்கத்தில் அதற்கு அடிமைப் பெண் என்று பொருள் இருந்ததால், அந்தச் சொல்லை விரும்பாதவர்களும் எங்களிடையே உண்டு. பிரசவத்துக்குக் கிடைக்கும் துணை கருக்கலைப்புக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டு, மேரி மஹோனி, லாரன் மிட்செல், மிரியம் சோய்லா பெரெஸ் ஆகிய மூவர் 2007-இல் இதே நியூயார்க்கில் தன்னார்வலர்களைத் திரட்டத் தொடங்கினார்கள்.

இதனால் பயன் உண்டா என்று சிகாகோவில் 214 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. டூலா உடனிருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வலியின் அளவில் வேறுபாடு தென்படவில்லை. முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் டூலா உடனிருந்தவர்களில் 96 சதவீதம் பேர், இந்தத் துணை எல்லோருக்கும் வழக்கமாகக் கிடைக்க வேண்டும் என்று கூறியிருந்தார்கள். வலி அப்படியே இருந்தும் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது, தலைமாட்டில் நின்ற எனக்குப் புரிகிறது.

என் சித்தி மகள் பல ஆண்டுகளுக்கு முன் ஊரில் தனியாகப் போய்வந்தாள். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று இந்தியச் சட்டம் சொல்லியும், கணவர் கையெழுத்து இல்லை என்று அவளை ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "சுத்தம் பண்ணிட்டு வந்துட்டா" என்ற ஒரே வரியில் வீட்டில் அது முடிந்துபோனது. கூட யார் போனார்கள் என்று அன்று நானும் கேட்கவில்லை.

இப்போது அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் மாத்திரையால் நடக்கின்றன. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால்; ரத்தப்போக்கு பெரும்பாலும் வீட்டில்தான். எனவே துணையும் தொலைபேசிக்கு மாறியிருக்கிறது. அதுவும் எல்லா மாநிலங்களிலும் எளிதல்ல. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சுமார் ஆறு வாரங்களுக்குப் பிறகு நடக்கும் கருக்கலைப்புக்கு உதவியவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம். வென்றால் குறைந்தது 10,000 டாலர் கிடைக்கும். கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 2022 ஜூன் 24 தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் கருக்கலைப்பே தடைசெய்யப்பட்டுவிட்டது. உடனிருப்பதற்கே அஞ்ச வேண்டிய நிலையை உண்டாக்கிய சட்டத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சென்ற மாதம் இந்த நகரத்திலேயே ஒருவர் இரவு பத்து மணிக்கு இரண்டாவது மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேடுகளுக்கு மேல் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை இருவரும் எழுதிவைத்திருந்தோம். வெந்நீர்ப் பை, ஐபுபுரூஃபன், பிஸ்கட் எல்லாம் கட்டில் அருகே இருந்தன. ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் நேரத்தை அனுப்பினார். 11.40, 12.50, 2.15. அதிகாலை மூன்றரைக்கு, "குறைந்துவிட்டது, தூங்கப் போகிறேன், நீங்களும் தூங்குங்கள்" என்று வந்தது. விளக்கை அணைத்தேன்.