இழுபறித் தேர்தலைக் கணிக்கும் வேலை

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் கருத்துக்கணிப்புத் துறையில் இருப்பவர்களை எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் அணுகுகிறார்கள்: யார் ஜெயிப்பார்? ஒரு வேட்பாளர் பத்துப் புள்ளி முன்னிலையில் இருந்தால் அதற்குப் பதில் சொல்ல நாங்கள் தேவையே இல்லை. இருவரும் 48, 47 என்று நிற்கும்போதுதான் எங்களைத் தேடி வருகிறார்கள். எங்களால் பெயர் சொல்ல முடியாமல் போவதும் அப்போதுதான்.

ஒரு செய்தி நிறுவனத்தின் கணிப்புப் பிரிவில் தரவுகளைச் சரிபார்த்து எடைபோடுவது என் வேலை. 2016, 2020, 2024 தேர்தல்களை அந்த மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். 'சொல்ல முடியாது' என்று சொல்வதற்கா இத்தனை உழைப்பு என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பதுண்டு. ஆமாம், அதற்குத்தான். எவ்வளவு தூரம் சொல்ல முடியாது என்பதை ஒழுங்காகக் கணக்கிட்டுச் சொல்வதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது.

வேலை தொலைபேசியில் தொடங்குகிறது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதிலளிப்போர் விகிதம் 2018இல் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆறு பேரை வைத்து மீதி 94 பேரின் மனத்தை அறிய வேண்டும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பட்டம் பெற்றவர்கள், அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள். மற்றவர்களின் குறைவை ஈடுகட்டத்தான் எடை: குறைவாகக் கிடைத்த பிரிவினரின் பதிலைக் கூடுதலாகக் கணக்கிடுகிறோம்.

என் கணினித் திரையில் பதில் சொன்ன ஒவ்வொருவரும் ஒரு வரி. வயது, பாலினம், இனம், கல்வி, ஊரகமா நகரமா, யாருக்கு வாக்கு, கடைசிக் கட்டத்தில் எடை. விஸ்கான்சினின் ஊரகப் பகுதியில் கல்லூரிப் படிப்பு இல்லாத, முப்பது வயதுக்குட்பட்ட ஆண் ஒருவர் கிடைப்பது அரிது. கிடைத்தால் அவர் எடை மூன்று, நான்கு என்று ஏறிவிடும். அவர் சொல்லும் ஒரு சொல் நான்கு பேரின் சொல்லாகிவிடுகிறது. தரச் சோதனைக்காக அத்தகைய அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்போம். ஒரு பதிவில் பின்னணியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பேசியவர் வேலை இடத்தில் இருந்தார். "இன்னும் எத்தனை கேள்வி?" என்று நடுநடுவே கேட்டார், ஆனாலும் வைத்துவிடாமல் கடைசிவரை பதில் சொன்னார். அவசரத்தில் ஏதாவது ஒரு கேள்விக்கு மாற்றிச் சொல்லியிருந்தால் அந்தத் தவறும் நான்கு மடங்காகியிருக்கும். அதன் பிறகு, 48 என்று அச்சில் வரும் எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்கள் நிற்கிறார்கள் என்ற நினைப்பு இல்லாமல் எந்தக் கணிப்பையும் என்னால் படிக்க முடிவதில்லை.

2016இல் ஒரு நாளிதழும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய தேசியக் கணிப்பில் ஓர் இளைஞருக்குக் கிடைத்த எடை சராசரியைப் போல முப்பது மடங்கு. அவர் பதில் சொன்ன நாட்களில் நாடு முழுவதற்குமான முடிவே அசைந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஓர் அருமையான சோதனை செய்தது. ஃபுளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் சியானா கல்லூரியுடன் சேர்ந்து திரட்டிய பதில்களை அப்படியே வேறு நான்கு தேர்ந்த கணிப்பாளர் குழுக்களிடம் கொடுத்தது. அதே 867 பேர், அதே பதில்கள். தன்னுடையதையும் சேர்த்து ஐந்து முடிவுகள் வெளிவந்தன. ஒரு கோடியில் ஹிலாரி கிளிண்டனுக்கு 4 புள்ளி முன்னிலை. மறுகோடியில் டொனால்ட் டிரம்புக்கு 1 புள்ளி முன்னிலை. யாரும் கணக்கில் பிசகவில்லை. இவர்களில் யார் உண்மையிலேயே வாக்குச்சாவடிக்குப் போவார்கள், எந்தப் பிரிவினர் எவ்வளவு இருப்பார்கள் என்பதை ஒவ்வொருவரும் வேறு விதமாக முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். தேர்தல் நடக்கும் நாளில்தான் வாக்காளர் கூட்டம் என்ற ஒன்றே உருவாகிறது. இன்னும் உருவாகாத ஒரு கூட்டத்திலிருந்து நாங்கள் மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணிப்பின் அடியில் அச்சிடும் 'பிழை வரம்பு 3 புள்ளி' என்ற வரி இந்தத் தீர்மானங்களைக் கணக்கில் கொள்வதே இல்லை. எங்கள் பிரிவில் சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் அந்தக் கட்டுரையைப் படிக்கச் சொல்கிறேன்.

அந்தப் பிழை வரம்பும் பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஆயிரம் பேர் கணிப்பில் ஒரு வேட்பாளரின் ஆதரவுக்கு மூன்று புள்ளி வரம்பு என்றால், இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறத்தாழ ஆறு. 2020இல் ஜார்ஜியாவில் ஜோ பைடன் வென்றது 11,779 வாக்குகளில். கால் புள்ளிக்கும் குறைவு. அவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கணிப்பில் காண ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்களை அழைத்தாக வேண்டும். அதுவும் எல்லோரும் பதில் சொல்லி, எல்லோரும் உண்மையைச் சொன்னால். ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசமே 43,000 வாக்குகளுக்கும் குறைவு. அந்த மூன்றும் மறுபக்கம் போயிருந்தால், அதிபரைத் தீர்மானிக்கும் எலக்டோரல் வாக்குகள் 269க்கு 269 என்று சமமாக முடிந்திருக்கும். நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் 15 கோடிக்கும் மேல்.

2016இல் தேசிய அளவில் கணிப்புகள் அவ்வளவு மோசமில்லை. கிளிண்டன் நாடு தழுவிய வாக்குகளில் இரண்டு புள்ளி அதிகம் பெற்றார். ஆனால் அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான 538 எலக்டோரல் வாக்குகள். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் மொத்தம் 77,744 வாக்குகளில் முடிவு மாறியது. அந்த மாநிலங்களில் நடந்த பல கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடைபோடவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெளிவானது. பட்டம் பெற்றவர்கள் அதிகம் பதில் சொன்னார்கள். அவர்கள் கிளிண்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒரு மாநிலத்தில் விழுந்த ஓட்டை பக்கத்து மாநிலத்திலும் அதே இடத்தில் விழுந்தது. ஏழு மாநிலக் கணிப்புகள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்றால் அவை ஏழு சாட்சிகள் ஆகிவிடா. ஒரே தவறின் ஏழு பிரதிகளாகவும் இருக்கலாம்.

அந்தத் தேர்தலில் டிரம்ப் வெல்லும் வாய்ப்பு பத்துக்கு மூன்று என்று சொன்ன ஒரு கணிப்பும் இருந்தது. அதைத் தோற்ற கணிப்பு என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. பத்தில் மூன்று பேருக்குச் சிக்கல் வரும் என்று மருத்துவர் சொன்ன அறுவைச் சிகிச்சைக்கு யாரும் நிம்மதியாகப் போவதில்லையே!

வாக்கு எண்ணும் இரவில் அழுத்தம் வேறு விதம். 2020இல் பென்சில்வேனியா சட்டப்படி தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே கூடாது. நேரில் போட்ட வாக்குகள் முதலில் எண்ணப்பட்டதால் டிரம்ப் ஒரு கட்டத்தில் 6 லட்சத்துக்கும் மேல் முன்னிலை வகித்தார். செய்தி அறையில் மூத்த ஆசிரியர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?" என்றார். எண்ணாமல் கிடக்கும் தபால் வாக்குகள் எந்தெந்த மாவட்டங்களில் எத்தனை, எண்ணி முடித்தவை எந்தப் பக்கம் போயின என்ற அட்டவணையைக் காட்டினேன். "சார், மிச்சம் இருப்பது முன்னிலையைவிட அதிகம்" என்றேன். அவர் அட்டவணையை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார். தேர்தல் செவ்வாய்; முடிவு சனிக்கிழமை வந்தது. பைடன் ஏறத்தாழ 80,000 வாக்குகளில் பென்சில்வேனியாவை வென்றார்.

2000ஆம் ஆண்டின் ஃபுளோரிடா எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். மாநிலத்தின் மேற்கு மூலையில் வாக்குப்பதிவு முடியும் முன்பே தொலைக்காட்சிகள் அல் கோர் வென்றதாக அறிவித்தன, திரும்பப் பெற்றன, அதிகாலையில் ஜார்ஜ் புஷ் என்றன, அதையும் திரும்பப் பெற்றன. கடைசியில் வித்தியாசம் 537 வாக்குகள். ஒரு நிலையம் முந்திக்கொண்டால் மற்றவை நிமிடங்களில் பின்தொடர்ந்தன என்பதுதான் அதில் என்னை அதிகம் உறுத்துகிறது.

பின்தொடரும் அந்தப் பழக்கம் 2024இல் வேறு உருவில் வந்தது. கடைசி வாரங்களில் இழுபறி மாநிலக் கணிப்புகள் பெரும்பாலும் சமநிலை, ஒரு புள்ளி என்றே வந்தன. 800 பேரிடம் கேட்கும் கணிப்பில், உண்மையிலேயே சமநிலையாக இருந்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒன்று மூன்றரைப் புள்ளிக்கு அப்பால் விழ வேண்டும். அப்படி விழவில்லை. தனியாக நிற்க அஞ்சி யாரோ எடைகளைத் தொட்டிருக்கிறார்கள், அல்லது வந்ததை வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சூழலில் அயோவாவில் ஆன் செல்சர் என்ற கணிப்பாளர் தன் கணிப்பில் கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று வந்ததை அப்படியே வெளியிட்டார். டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார். செல்சரை எள்ளி நகையாடியவர்கள் பலர். தனக்கு வந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்ட அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது. அவரைப் போல நாலு பேர் இருந்தால்தான் சராசரி என்பதற்கே பொருள் இருக்கும்.

கல்விக்கு எடைபோட்ட பிறகும் 2020 கணிப்புகள் நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவு பிசகின. ஒரே கல்வி, ஒரே வயது உள்ளவர்களிலும் பதில் சொல்பவர் வேறு, சொல்லாதவர் வேறு என்பது வலுவான ஐயம். எங்கள் அழைப்புப் பதிவுகளில் அதற்கு ஒரு தடயம் இருந்தது. சிலர் அழைப்பை எடுத்து, "டிரம்ப்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்த கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் அவை முடிவடையாத அழைப்புகள் என்று ஒதுக்கப்பட்டன. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2024இல் சேர்த்தோம். அவர்களின் வயதும் பாலினமும் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கின்றன. கல்வித் தகுதி மட்டும் இல்லை. வசிக்கும் பகுதியைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறோம். அப்படி நிரப்பலாமா, கூடாதா என்று எங்கள் பிரிவு இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 2028க்கான வினாத்தாள் தயாராகும் முன் அதை முடிவு செய்தாக வேண்டும்.