சலூனில் மூன்று மணித்தியாலம்

மச்சாளின் மகளுக்கு அடுத்த கிழமை கலியாணம். நேற்று அவளோடு சலூனுக்குப் போனேன். திருகோணமலைக் கடற்காற்றில் யாருடைய முடிதான் சொல்வழி கேட்கும்? சுருட்டை முடியை நேராக்க மூன்று மணித்தியாலம். கிரீமைப் பூசி, அயன் வைத்து இழுக்க எழும்பிய புகையில் கண் எரிந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தவளை மிதக்கும் போத்தலைத் திறந்தால் வருமே, அதே நெடி. அது போமலின், அதாவது போமல்டிஹைட் கரைந்த தண்ணீர். சில நேராக்கிகள் சூடுபட்டால் அந்த வாயுவைத்தான் விடும். மெத்திலீன் கிளைக்கோல் என்று லேபிளில் இருந்தாலும் கதை அதேதான்.

அமெரிக்காவில் 2022 ஒக்டோபரில் வந்த ஆய்வு 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடம் கவனித்தது. வருடத்தில் 4 தடவைக்கு மேல் நேராக்கியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 வீதம்; பாவிக்காதவர்களுக்கு 1.64. அதற்குப் பிறகு நேராக்கி செய்யும் கம்பனிகள் மீது வழக்குகள் குவிந்தன. தொடுத்தவர்களில் பலர் சின்ன வயதிலிருந்து ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் கிரீமைப் பூசிய கறுப்பினப் பெண்கள். 2023 இல் அவற்றைச் சிக்காகோ நீதிமன்றத்தில் ஒன்றாக்கினார்கள். கம்பனிகள் மறுக்கின்றன. ஆய்வு காட்டியது தொடர்பைத்தான். இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று அது சொல்லாது. இழுபறி முழுக்க அந்த இடத்தில்தான்.

“ஒரு தடவைதானே மாமி” என்றாள் பிள்ளை. சரி, கலியாண நேரம், நான் வாய் திறக்கவில்லை. எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்தேன். ஏசி வீணாகுது என்று முறைத்தாள் சலூன் பிள்ளை. அவள் முகத்தில் மாஸ்க்கூட இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தலை என்று கேட்டேன்.

மூன்று, நாலு என்றாள்.