கொடுவா மீனும் ஒற்றைக்கொம்பும்

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளைத் திறந்தார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக்குப் போனவர்கள் அன்றுதான் முதல்முறையாக வகுப்பறைக்குள் கால் வைத்தார்கள். கொரோனாவில் ஒன்றாம் வகுப்பு வீட்டிலேயே முடிந்துவிட்டது.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மாலையில் சொல்லித் தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குத் தன்னார்வலர் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இணையத்தில் பதிந்தேன். அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பணத்துக்காகப் போகவில்லை என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மழை விட்டதும் எங்கள் வீட்டு வாசலில் பாயை விரித்தேன். மாலை ஐந்து மணிக்குப் பதினேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் வீண். எழுத்து அட்டையை மாட்டி அ, ஆ சொல்ல வைத்தேன். பாட்டாகவே பாடினார்கள், எனக்கும் பெருமைதான். ஒருநாள் 'எ'வில் குச்சியை வைத்து இது என்ன என்று கேட்டேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்து, 'எ' வரும்போது நின்றான். எழுத்து தெரியவில்லை, பாட்டுதான் தெரிந்திருக்கிறது.

சரி, சொல்லிலிருந்து போகலாம் என்று 'படகு' எழுதினேன். ப, ட, கு என்று தனித்தனியாகச் சரியாகவே சொன்னான். ஆனால் 'பட்டு'வில் வருகிற ட, 'குடம்' என்பதில் வருகிற கு. நாம் பேசும்போது இரண்டும் மெலிந்துவிடுகின்றன; அவன் சொன்ன ஓசையில் படகே இல்லை. பக்கத்தில் படம் வரைந்தேன். உடனே "போட்டு!" என்றான். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, வேறென்ன சொல்வான்?

அன்று இரவுதான் அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைப் பட்டியல் போட்டேன். எல்லாம் மீன் பெயர்கள். மறுநாள் 'மத்தி'. ஓடிவிட்டது. ரொம்பவே ஓடிவிட்டது, 'ம' தெரிந்தாலே மத்தி என்று கத்தினார்கள். அதனால் மணி, மடி, மத்தி மூன்றையும் கலைத்துப் போட்டேன். கடைசி எழுத்து வரை பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஊகிக்கும் பழக்கம் அதில்தான் குறைந்தது.

பெரிய சிக்கல் கொம்பில் வந்தது. 'கொடுவா' எழுதினேன். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால். அவன் இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்து, "கெ... ஆ... டு" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. கண்ணில் படுவதைப் படிக்கிறான். வாயில் முதலில் வரும் 'க்' எழுத்தில் நடுவில் இருக்கிறது என்பதை எப்படி விளக்குவது? விளக்குவதை விட்டுவிட்டேன். மூன்று தீப்பெட்டி அட்டைகளில் கொம்பு, க, கால் என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் 'க'வை வை, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் காவல் நிறுத்து என்றேன். காவல் என்றதும் சிரித்தான். பத்து நாள் அந்த அட்டைகளைத்தான் உருட்டினோம்.

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடற்கரைக்கு வரும். வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மறுநாள் அவன் ஓடிவந்தான். "அக்கா, வண்டிக்கடையில கொய்யான்னு எழுதியிருந்துச்சு. நடுவுல 'க', ரெண்டு பக்கமும் காவல்!"

அவன் தங்கை இன்னும் 'மத்தி'யில்தான் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு 'மணி' அட்டையை எடுத்தேன்.